பனிக்குள் படுத்திருந்த புகை

“படிச்சவளுக்குன்னு தனியாக் காத்து அடிக்குதாக்கும்? எங்களுக்கு அடிக்கிற காத்துதானத்தா உனக்கும்.”

இப்படிக் கேட்டவர் வெள்ளையம்மா அத்தை, என் அக்கா முத்துலட்சுமியின் மாமியார். கேட்ட இடம் நாகமலையின் பாதிச் சரிவு. மார்கழி பாதி கழிந்த ஒரு காலை. நான் அப்போது கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. அக்காவைப் பார்க்க வந்த இடத்தில், விறகுக்குப் போகிற பெண்களோடு நானும் ஒட்டிக்கொண்டு மலை ஏறியிருந்தேன்.

மூச்சு வாங்கியதால் ஒரு பாறையில் உட்கார்ந்து திரும்பிப் பார்த்தேன். கீழே ஊரைக் காணோம்.

ஊர் இருந்த இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு பரப்பு. நிறைந்த கண்மாய் மாதிரி மட்டமாக, அசையாமல் கிடந்தது. பனைமரங்களின் தலைகள் மட்டும் அதற்கு மேலே துருத்திக்கொண்டு நின்றன. ரைஸ்மில் புகைபோக்கியின் வாய் தெரிந்தது, உடம்பு தெரியவில்லை. செங்கல் சூளைப் பக்கமிருந்து ஒரு புகை நேராக எழுந்தது. பனை உயரம் வந்ததும், யாரோ மேலிருந்து உள்ளங்கையால் அமுக்கியதுபோல் வளைந்து, இரண்டு பக்கமும் பரவிப் படுத்துக்கொண்டது.

நாங்கள் நின்ற இடத்திலோ வானம் நீலமாக இருந்தது. வெயில் சுள்ளென்று முதுகில் பட்டது. சற்று முன்னால்தான் அந்தக் கண்மாய்க்குள்ளிருந்து நாங்கள் ஏறி வந்திருந்தோம் என்பதை நம்ப முடியவில்லை.

“அத்தை, அது அம்புட்டும் பனி இல்லை. பாதி புகை. அக்காவுக்கு மூச்சு இழுக்குறது அதனாலதான்” என்றேன்.

அதற்குத்தான் அத்தை அப்படிக் கேட்டார். கூட வந்த பெண்கள் சிரித்தார்கள். ஒருத்தி, “விடு வெள்ளையம்மா, உன் மருமக தங்கச்சி காத்தை மூட்டை கட்டிக் காலேஜுக்குக் கொண்டு போகப் போகுது” என்றாள். எனக்கு முகம் சுருங்கிவிட்டது. அவள் சொன்னதைத்தான் கொஞ்ச நாளில் நான் செய்யப் போகிறேன் என்று அப்போது எனக்கே தெரியாது.

அக்காவின் மூச்சு

பரவையைத் தாண்டி உள்ளே போனால் எங்கள் ஊர். வைகையையும் நாகமலையையும் தாண்டினால் அக்கா வாழ்க்கைப்பட்ட ஊர். எங்கள் அப்பாவும் அம்மாவும் வயலில் கிடந்து எங்களை வளர்த்தவர்கள். ஒரு வீட்டிலிருந்து ஒரு பெண்ணைத்தான் பள்ளிக்கூடத்துக்கு விட முடியும் என்றபோது அந்த இடம் எனக்குக் கிடைத்தது. அக்கா களை எடுக்கப் போனாள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தின் கடைசி வகுப்பைப் பார்த்த முதல் ஆள் நான். கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆளும் நான். இதை அடக்கமாகச் சொல்ல எனக்கு வரவில்லை. வர வேண்டும் என்றும் தோன்றவில்லை.

அக்காவுக்குக் கல்யாணமான முதல் மார்கழியில் லேசாக இருமல் வந்தது. தை கழிந்து, மாசி வெயில் வந்ததும் போய்விட்டது. இரண்டாவது மார்கழியில், நான் மலை ஏறிய அந்த வருஷம், இழுப்பாகத் திரும்பி வந்தது. படுத்தால் மூச்சு விட முடியவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே விடிய வைப்பாள். பிறந்த வீட்டுக்கு வந்தால் மட்டும் சில நாளில் தெளிந்துவிடுவாள்.

இதில் ஒரு ஆபத்து இருந்தது. “பொறந்ததுலருந்தே சீக்கு இருந்திருக்கு. மறைச்சுக் கட்டி வச்சிட்டாங்க” என்று அந்த ஊரில் பேச ஆரம்பித்துவிட்டார்கள். அத்தைக்கும் அந்தப் பேச்சு சரி என்று பட்டது. பொங்கல் கழிந்ததும் இரண்டு வீட்டுப் பெரியவர்களையும் வைத்துப் பேசி அத்துவிடலாம் என்று சொல்லி அனுப்பியிருந்தார். எங்கள் பக்கம் அத்துவிடுவதற்குக் கோர்ட்டும் வேண்டாம், வக்கீலும் வேண்டாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை சமுக்காளம் விரித்து உட்கார்ந்து பேசினால் போதும், உறவு அறுந்துவிடும்.

அக்கா புருஷன் தங்கராசு மச்சான் சூளையில் நெருப்புப் பார்க்கிறவர். அக்கா மேல் பிரியமானவர்தான். ஆனால் அம்மாவுக்கு எதிரே அவருக்கு வாய் வராது.

அத்தையைக் கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். இழுப்பு வந்த நாட்களில் அக்காவுக்குத் துளசிச் சாறு பிழிந்து கொடுத்ததும், நெஞ்சில் சூடு பறக்கத் தைலம் தேய்த்துவிட்டதும் அவர்தான். அதே அத்தைதான் அவளைத் திருப்பி அனுப்பவும் நினைத்தார். இரண்டும் ஒரே ஆளிடம் இருந்தன.

என்னை உறுத்தியது அவருடைய வாதம்தான்.

“நானும் அதே வீட்டுலதான் கெடக்குறேன். எம் மகன் சூளைப் பொகைக்குள்ளயே நிக்கிறான். எங்களுக்கு இழுக்கல. அவளுக்கு மட்டும் இழுக்குதுன்னா, அது கூட வந்த சீக்குத்தான?”

நான் இயற்பியல் படிக்கிறவள். கேள்வி நியாயமானது என்று எனக்குத் தெரிந்தது.

கே.கே. நகரில் ஒரு மாடிப்படி

மலைக்குப் போவதற்குக் கொஞ்ச நாள் முன்னால் அக்காவையும் அத்தையையும் கே.கே. நகருக்கு ஒரு டாக்டரிடம் நான்தான் அழைத்துப் போனேன். வாசலில் ஸ்கூட்டர்கள் வரிசையாக நின்றன. படிகள் கண்ணாடி மாதிரி வழுக்கின. அத்தை செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

“போட்டுக்கங்க அத்தை.”

“சும்மா இருடி. கோயில் மாதிரி வச்சிருக்கான், மிதிக்கச் சொல்லுற.”

டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்தார். மாத்திரை எழுதினார். “பனியில மட்டும் வெளிய போகாதீங்கம்மா” என்றார். அது ஒன்றுதான் அத்தைக்குப் புரிந்த வைத்தியம். ஊருக்குத் திரும்பியதும் அதை வேத வாக்காக எடுத்துக்கொண்டார். வீட்டிலேயே கதகதப்பான இடம் எதுவோ அங்கே அக்காவின் பாயை மாற்றினார்.

அதற்கப்புறம் இழுப்பு கூடியது. டாக்டருக்கே கட்டுப்படாத சீக்கு என்று ஊர் முடிவு கட்டிவிட்டது.

காளவாசலில் பஸ் மாறும்போது

அக்கா ஊருக்குக் காளவாசலில் பஸ் மாற வேண்டும். அங்கே நிற்கிற நேரமெல்லாம் எனக்கு வேடிக்கைதான். காளவாய் என்றால் சூளை. பேரில் சூளை இருக்கிறது. ஊரில் சூளை இல்லை. என்றோ சுண்ணாம்போ செங்கல்லோ வேகவைத்த இடமாக இருந்திருக்கும். நான் பார்க்கும்போது டீக்கடையும் சைக்கிள் கடையும் லாரிகளும்தான். சூளைகள் ஊர் வளர வளர வெளியே வெளியே தள்ளிப் போய், கடைசியில் அக்கா ஊர்க் கண்மாய்க் கரைக்கு வந்து உட்கார்ந்துவிட்டன என்று எனக்குத் தோன்றும்.

மார்கழி மாலைகளில் காளவாசலில் ஒவ்வொரு விளக்கைச் சுற்றியும் மஞ்சளாக ஒரு வட்டம் இருக்கும். மழை நாளில் அது இருக்காது. பங்குனியிலும் இருக்காது. லாரி எல்லா மாதமும்தான் ஓடுகிறது, ரைஸ்மில் அறுப்புக்கு அப்புறம் பல மாதம் ஓடுகிறது. பிறகு ஏன் மார்கழி, தையில் மட்டும் இந்த வட்டம்?

எங்கள் பாடப் புத்தகத்தில் இதற்கு ஒரு பத்தி இருந்தது. இங்கிலீஷில் இருந்த அதை நான் எனக்குப் புரிகிற மாதிரி எழுதி வைத்துக்கொண்டேன். குளிர்ந்த இரவில் தரை சீக்கிரம் ஆறிவிடுகிறது. தரையை ஒட்டிய காற்றும் ஆறிக் கனத்துவிடுகிறது. அதற்கு மேலே இருக்கும் காற்று அதைவிட வெதுவெதுப்பாக இருக்கிறது. வழக்கத்துக்குத் தலைகீழ். காற்றும் வீசாமல் இருந்தால், கீழே எழுகிற புகை மேலே போக வழியில்லாமல் பாதியில் பரவிவிடும். வெயில் ஏறித் தரை சூடானால்தான் அது கலையும்.

மூடி போட்ட சட்டி என்று ஓரத்தில் எழுதினேன். நான் மலையில் பார்த்தது அந்த மூடியைத்தான்.

கொடியில் காய்ந்த தாவணி

இங்கே போகியைப் பற்றி ஒரு வார்த்தை. எங்கள் ஊரில் போகிக்குக் கிழிந்த பாயும் தேய்ந்த விளக்குமாறும் எரியும். டவுனில் எப்போதோ டயர் எரிக்கப் பழகிவிட்டார்கள். எது கரும்புகை விடுகிறதோ அதுதான் பிள்ளைகளுக்கு உற்சாகம்.

பள்ளிக்கூட நாளில் ஒரு போகிக்கு முந்தின மாலை, என் ஒரே வெள்ளைத் தாவணியைத் துவைத்துக் கொடியில் போட்டிருந்தேன். பரவைச் சந்தைப் பக்கம் யாரோ டயர் கொளுத்தியிருக்கிறார்கள். காலையில் தாவணி முழுக்கக் கருப்புப் பொட்டுகள். தட்டிவிடலாம் என்று கையால் தட்டினேன். ஒவ்வொரு பொட்டும் கோடாக இழுத்துக்கொண்டது. அழுதுகொண்டே நின்றேன். ஆனால் அழுகைக்கு நடுவிலும் ஒன்றைக் கவனித்தேன். ஈரமாக இருந்த மடிப்பில் பொட்டு அதிகம். காய்ந்த இடத்தில் குறைவு. ஈரம் புகையைப் பிடித்து வைத்துக்கொள்கிறது.

அந்தத் தாவணிதான் மலையிலிருந்து இறங்கும்போது ஞாபகத்துக்கு வந்தது. காற்றை மூட்டை கட்ட முடியாது. காற்றில் இருப்பதை ஒட்ட வைக்கலாம்.

விளக்கெண்ணெய் தடவிய கண்ணாடி

கல்லூரி ஆய்வுக்கூடத்தில் கீறல் விழுந்த கண்ணாடித் துண்டுகளை ஒதுக்கி வைத்திருந்தார்கள். எங்கள் இயற்பியல் மிஸ்ஸிடம் கேட்டு வாங்கிக்கொண்டேன். எதற்கு என்று சொன்னபோது, “உன் அக்கா கேஸுக்கு இது தாங்குமா?” என்று சிரித்தார். தாங்குமா என்று எனக்கும் தெரியாது. விளக்கெண்ணெய் பிசுபிசுவென்று காயாமல் நிற்கும். மெல்லிசாகத் தடவி, மூலையில் நூல் கட்டித் தொங்கவிட்டால் போதும்.

எங்கள் வீட்டுச் சமையல் கொட்டகைக் காலில் ஒன்று. கல்லூரி மாடியில் ஒன்று. மலையில் நான் உட்கார்ந்த பாறைக்குப் பக்கத்து மரத்தில் ஒன்று. சூளையில் மச்சான் நிற்கும் கொட்டகைக் காலில் ஒன்று. அக்கா வீட்டு முற்றத்து வேம்பில் ஒன்று. எல்லாம் கட்டி முடித்தபின் ஒரு துண்டு மிச்சம் இருந்தது. அதை அக்கா வீட்டுச் சமையல்கட்டு உத்திரத்தில் கட்டினேன். அதற்கு ஒரு காரணமும் இல்லை. மிச்சம் இருந்தது, அவ்வளவுதான். என் மனதில் குற்றவாளி சூளை என்று எப்போதோ முடிவாகியிருந்தது.

அத்தை வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார்.

“எண்ணெயத் தடவி வீட்டுக்குள்ள கட்டித் தொங்க விடுறது எதுக்குன்னு எங்களுக்குத் தெரியாதாக்கும்?”

“செய்வினை இல்லை அத்தை. தூசி பிடிக்க.”

“தூசி பிடிக்கத்தான் வெளக்கமாறு இருக்குல்ல?”

அக்கா இழுப்புக்கு நடுவிலும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அந்த மாதத்தில் அவள் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

அடுத்த நாளே அத்தை தன் பங்குக்கு எதிர் வேலை பார்த்தார். எண்ணெய்க் கண்ணாடி என்ன கெடுதல் செய்தாலும் அதை முறிக்க வேண்டுமே. நல்ல மஞ்சளாகப் பழுத்த எலுமிச்சம்பழங்களாகப் பார்த்து எடுத்து, நூல் கோத்து, வேம்பில் என் கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒன்றும், உத்திரத்தில் என் கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒன்றும் கட்டிவிட்டார். பொங்கல் கழியும்வரை யாரும் அவிழ்க்கக்கூடாது என்று உத்தரவு.

“நல்லதாப் போச்சு அத்தை, ரெண்டும் துணைக்குத் துணையா இருக்கட்டும்” என்றேன்.

“பேசாத. உன் பேச்செல்லாம் அந்தப் பக்கம் வச்சுக்க” என்றார்.

சமுக்காளம் விரித்த ஞாயிறு

பொங்கல் கழிந்த ஞாயிறன்று அப்பாவோடு முதல் பஸ்ஸில் போனேன். காளவாசலில் அப்பாவுக்கு டீ வாங்கிக் கொடுத்தேன், குடிக்காமல் கையிலேயே ஆறவைத்தார். “புள்ளைய எப்படியும் இன்னிக்கிக் கூட்டிட்டு வந்துர வேண்டியதுதான்” என்று மட்டும் சொன்னார். துணிகளைக் கட்டுவதற்கு ஒரு பழைய வேட்டியை மடித்துக் கொண்டுவந்திருந்தார்.

மற்ற கண்ணாடிகளை முந்தின நாட்களிலேயே அவிழ்த்துவிட்டேன். மலையில் கட்டியது ஏறக்குறையத் தெளிவாக இருந்தது. எங்கள் வீட்டிலும் கல்லூரி மாடியிலும் லேசான சாம்பல். சூளைக் கொட்டகையில் செம்மண் தூசியும் சாம்பலுமாக அப்பியிருந்தது. நான் நினைத்தது சரி என்று உள்ளுக்குள் நிமிர்ந்துதான் அக்கா வீட்டுக்குள் நுழைந்தேன்.

வேம்பில் இருந்ததை அவிழ்த்தேன். சூளையைவிடக் குறைவு. பிறகு சமையல்கட்டுக்குப் போய் உத்திரத்தில் இருந்ததை அவிழ்த்தேன்.

அதற்குப் பின்னால் என் விரலை வைத்துப் பார்த்தேன். விரல் தெரியவில்லை.

சூளைக் கொட்டகையைவிடச் சமையல்கட்டு கருப்பு. இது எப்படி? இது அடுப்புக்கரி, அடுப்பு எல்லா வீட்டிலும்தான் எரிகிறது என்று ஒரு மனம் சொன்னது. எங்கள் வீட்டுக் கண்ணாடியும் அடுப்புப் பக்கத்தில்தானே தொங்கியது என்று இன்னொரு மனம் சொன்னது.

அக்காவின் பாய் அங்கேயே சுவரோரம் சுருட்டி வைத்திருந்தது. அப்போதுதான் உறைத்தது. டாக்டர் பனி ஆகாது என்றதிலிருந்து அவள் படுப்பது இங்கேதான். பாயை விரித்து, அவள் படுக்கிற மாதிரியே மல்லாந்து படுத்தேன்.

மூலையில் உமி அடுப்பு கனன்றுகொண்டிருந்தது. உமியை இறுக்கி அடைத்துவிட்டால் அது அணையாமல் விடிய விடியப் புகையும். குளிருக்கு இதமாக இருக்கும் என்று பனிக்காலத்தில் அந்த ஊரில் அதை அணைப்பதில்லை. ஓட்டுக் கூரைக்கும் சுவருக்கும் நடுவில் சுற்றிவரப் புகை போக இடைவெளி விட்டுத்தான் எல்லா வீடும் கட்டுவார்கள். மார்கழி பிறந்ததும் அந்த இடைவெளியில் பழைய சாக்குகளைத் திணித்துவிடுவார்கள், பனி இறங்கக்கூடாதென்று. அத்தை இந்த வருஷம் மருமகளுக்காக இன்னும் இறுக்கமாகத் திணித்திருந்தார். ஒரு நூல் வெளிச்சம் உள்ளே வரவில்லை.

உமிப் புகை மெல்ல எழுந்தது. ஓட்டைத் தொட்டது. வளைந்தது. இரண்டு பக்கமும் பரவி, மட்டமாகக் கீழே இறங்கிவந்தது.

மலையிலிருந்து பார்த்த அதே மூடி. இம்முறை நான் மூடிக்குக் கீழே படுத்திருந்தேன்.

மச்சான் சூளையில் நின்றாலும், நான்கு பக்கமும் திறந்த கொட்டகை. ராத்திரி முற்றத்தில் கயிற்றுக் கட்டிலில் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு படுப்பவர். அத்தை படுப்பது முன்கட்டில். பகலில் சமைப்பதும் ராத்திரி படுப்பதும் இங்கே அக்கா மட்டும்தான். அத்தையின் கேள்விக்குப் பதில் அத்தை விரித்த பாயிலேயே இருந்தது.

பழம் சொன்ன சாட்சி

முற்றத்தில் எல்லோரும் உட்கார்ந்தாகிவிட்டது. அத்தையின் தம்பி, மச்சானுக்குத் தாய்மாமன், நடுவில் இருந்தார். நான் கண்ணாடிகளை வரிசையாக வைத்து, எது எங்கே தொங்கியது என்று சொன்னேன். பெண்பிள்ளை பேசுகிறதே என்று ஒருவர் இருமினார். நான் நிறுத்தவில்லை.

அத்தை கருப்புக் கண்ணாடியை எடுத்துப் பார்த்துவிட்டு வைத்தார்.

“நீ கொண்டாந்த கண்ணாடி. நீ தடவுன எண்ணெய். நீயே கரியப் பூசிட்டு வந்து சொன்னாலும் எங்களுக்குத் தெரியவா போகுது?”

அதுவும் நியாயமான கேள்விதான். அப்பா மடித்து வைத்திருந்த வேட்டியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அக்கா உள்வாசலில் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுடைய மூச்சுச் சத்தம் முற்றம்வரை கேட்டது.

அப்போது மச்சான் எழுந்தார். வேம்பிலிருந்த எலுமிச்சம்பழத்தை அவிழ்த்தார். உள்ளே போய் உத்திரத்திலிருந்ததையும் அவிழ்த்துக்கொண்டு வந்தார். இரண்டையும் அம்மாவின் கையில் வைத்தார்.

“இது நீ கட்டுனதுதானம்மா?”

அத்தை பழங்களைப் பார்த்தார். வேம்பில் தொங்கியது வாடிச் சாம்பல் பூத்திருந்தாலும் மஞ்சள் தெரிந்தது. மற்றதை எலுமிச்சை என்றே சொல்ல முடியாது. முந்தானையால் துடைத்தார். அவருடைய வெள்ளைச் சேலையில், அன்று என் தாவணியில் இழுத்துக்கொண்ட அதே கருப்புக் கோடு. முந்தானையை மூக்கருகே கொண்டுபோனார்.

“உமிப் பொகை” என்றார்.

திரும்பி, உள்வாசலில் நின்ற அக்காவைப் பார்த்தார்.

“நாந்தான அவளக் கொண்டு போயி உள்ள படுக்க வச்சேன்.” யாரிடமும் இல்லாமல் சொன்னார்.

“பனி படக்கூடாதுன்னுதான அத்தை வச்சீங்க” என்றேன்.

“எங்க வீட்ல சமையல்கட்டு தனிக்கொட்டாய் தங்கச்சி. நாலு பக்கமும் தெறந்து கெடக்கும். அதான் அங்கிட்டு வந்தா புள்ளைக்குத் தெளிஞ்சிருது போல” என்றார் அப்பா, அத்தையைப் பார்த்து. சமுக்காளத்தில் உட்கார்ந்த பிறகு அவர் பேசிய முதல் பேச்சு.

தாய்மாமன் பழத்தை வாங்கிப் புரட்டிப் பார்த்தார். “அக்கா, கண்ணாடி பொய் சொல்லும்னு வச்சுக்குவம். நீ மந்திரிச்சுக் கட்டுன பழத்தை என்ன சொல்ல? அடுத்த மார்கழி வரைக்கும் பாப்போம். அப்பறம் பேசிக்கலாம்” என்றார்.

அத்தை எழுந்து போய் மரத்தடியில் கிடந்த துரட்டிக் கம்பை எடுத்தார். சாக்குகளை அவரே ஒவ்வொன்றாக இழுத்துப் போட்டார். புகையும் வெளிச்சமும் இடம் மாறிக்கொண்டன. அப்பா கொண்டுவந்த வேட்டியில் கடைசியில் அத்தை கொடுத்த மொச்சையைத்தான் கட்டிக்கொண்டு வந்தோம்.

வெளியே இருக்கும் மூடி

மறுநாளே இழுப்பு நின்றுவிட்டது என்று எழுதினால் நன்றாக இருக்கும். அப்படி நடக்கவில்லை. மாசியில் குறைந்தது. ஆனால் மாசியில் அது எப்போதுமே குறையும். நான் சொன்னது சரியா என்று தெரிய ஒரு வருஷம் காத்திருக்க வேண்டியிருந்தது. அக்காவுக்கும் அது காத்திருந்த வருஷம்தான். நிம்மதியான வருஷம் என்று சொல்ல மாட்டேன்.

இந்த மார்கழி வந்தது. சாக்கு இல்லை. உமி அடுப்பு கொல்லைக்குப் போய்விட்டது. அக்கா முன்கட்டில் அத்தைக்குப் பக்கத்தில் படுக்கிறாள். படுத்துத் தூங்குகிறாள். உட்கார்ந்து விடிய வைத்த இரவு ஒன்றுகூட இல்லை. அத்துவிடுகிற பேச்சை இப்போது யாரும் எடுப்பதில்லை.

ஆனால் காற்றசையாத சில காலைகளில், ஊர் மேல் அந்தச் சாம்பல் கண்மாய் நிறைந்து கிடக்கும்போது, அவள் இன்னும் இருமுகிறாள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் இருமுகிறார்கள். போன வாரம் போயிருந்தபோது அத்தை என்னைப் பிடித்துக்கொண்டார்.

“உள்ள இருந்த பொகைய வெளிய விட்டாச்சு. வெளிய இருக்க பொகைய எங்கிட்டுத்தா விடுறது? படிச்சவதான நீ, சொல்லு.”

சூளையை எப்போது மூட்டுகிறார்கள் என்று மச்சானிடம் கேட்டேன். எப்போதும் சாயங்காலம்தான், நல்ல நேரம் பார்த்து, சூடம் கொளுத்தி மூட்டுவது வழக்கம் என்றார். மூட்டுகிற முதல் பொழுதில்தான் பச்சை விறகு குப்பென்று புகை விடுமாம். அதாவது, மூடி இறங்கப்போகிற நேரமாகப் பார்த்து நாம் சட்டிக்குள் புகையை நிரப்புகிறோம். வெயில் ஏறி, மூடி கலைந்தபின் முற்பகலில் மூட்டினால்? புகை மேலே போய்விடுமா, அல்லது இதுவும் என் இன்னொரு அவசர முடிவா? தெரியாது.

“காலையில யாரும் மூட்டுனதில்லையே” என்று மச்சான் தலையைச் சொறிந்தார். “முதலாளி சிரிப்பாரு.”

அத்தை சுவரில் தொங்கிய தினசரிக் காலண்டர் அருகே போய் என்னைக் கூப்பிட்டார். “காலையிலயும் நல்ல நேரம் போட்டிருப்பான். எழுத்துக் கூட்டி வாசிச்சுச் சொல்லு” என்றார். வாசித்தேன். போட்டிருந்தது.

முதலாளி சிரிக்கத்தான் செய்தார். ஆனால் ஒரே ஒரு சூளை, ஒரே ஒரு தடவை என்று ஒத்துக்கொண்டார். வருகிற புதன்கிழமை வெயில் ஏறியபின் மூட்டப் போகிறார்கள்.

நேற்று மாலை கண்மாய்க் கரைப் பனையில் ஒரு கண்ணாடியும், அக்கா வீட்டு வேம்பில் ஒரு கண்ணாடியும் புதிதாக எண்ணெய் தடவிக் கட்டிவிட்டு வந்தேன். நான் கட்டி முடித்து விலகியதும், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அத்தை ஒரு எலுமிச்சம்பழத்தைக் கட்டினார்.